நான்காம் எண் கணினி

ஒரு பக்கம் போதுமாம் நகராட்சிக்கு.
"எந்த உலாவி நல்லது, வெள்ளிக்குள் சொல்"
என்று நானூலி அம்மையார் போனை வைத்தபோது
பத்தூமியில் பதினோராம் நாளாக மழை.

நூலகத்தில் ஏழு கணினிகள். ஒன்றுக்கு மவுஸ் இல்லை.
தாளில் கோடு கிழித்தேன்:
இடப்பக்கம் பாதுகாப்பு,
வலப்பக்கம் வசதி.

முதலில் நரி.
பின்தொடரும் வேவுக்காரர்களை வாசலிலேயே நிறுத்துகிறது.
ஒரே ஒரு வங்கிப் பக்கத்தைக் கண்டால் மட்டும்
முகம் கோணுகிறது.

அடுத்தது நாலு நிற வட்டு.
நினைத்து முடிக்குமுன் திறக்கிறது.
திருடனிடமிருந்து காப்பாயா என்றால், காப்பேன்.
விளம்பரக்காரனிடமிருந்து என்றால்,
பேச்சை மாற்றுகிறது.
பாலுக்குப் பூனை காவல்தான்.
ஆனாலும் என்ன வேகமான பூனை!

சிங்கம் விளம்பரங்களைத் தின்றுவிட்டு
எத்தனை தின்றேன் பார் என்று
கணக்கும் காட்டுகிறது.

வெங்காயம் மூன்று நாடு சுற்றிவந்து
தெருமுனை ரொட்டிக்கடைப் பக்கத்தைத் திறப்பதற்குள்
நான் தேநீர் போட்டுக் குடித்து
கோப்பையையும் கழுவிவிட்டேன்.
உரிக்க உரிக்க உள்ளே யாருமில்லை.
அதன் பெருமையே அதுதான்.

பிறகு, தானாக நிரப்புதல்.
முதல் எழுத்தைத் தட்டினால்
மீதியை அதுவே எடுத்துக்கொடுக்கும்.
யோசிக்காமல் வசதியில் சேர்த்து
பத்துக்கு ஒன்பது போட்டேன்.

வியாழன் மதியம்
நனைந்த குடையோடு ஒரு பெண் வந்தாள்.
பெயர்ப் பதிவேட்டில் மக்வாலா என்று எழுதினாள்.
மகளின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பி அச்சிட வேண்டும்.
காலியாக இருந்தது நான்காம் எண்.

அது வாஜா உட்காரும் இடம்.
கப்பல் நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு
காலை ஒன்பதுக்கு வருவார்,
ஒரு மணிக்கு உணவுப்பெட்டியைத் திறப்பார்,
ஐந்தரைக்குக் கிளம்புவார், வேலை முடிந்தவர் போல.
அன்று மட்டும் போத்தித் துறைமுகத்தில்
யாரையோ பார்க்கப் போயிருந்தார்.

அவர் அங்கே உட்காருவது அவளுக்குத் தெரியாது.
அவள் அவர் மனைவி என்பது எனக்குத் தெரியாது.
கணினிக்கு இரண்டுமே தெரியாது.
அது தன் கடமையைச் செய்தது.

எங்கள் மொழியில்
பள்ளிக்கும் வேலைக்கும் ஒரே முதலெழுத்து.
ஸ்கோலா என்று தேட
ஸ-வைத் தட்டினாள்.
ஸமுஷாவோ என்றது திரை.
வேலை, ஐம்பது வயதுக்கு மேல்.
வேலை, எலக்ட்ரீஷியன், கப்பல்.
வேலை, இரவுக் காவல், அனுபவம் தேவையில்லை.
அதன் கீழே இன்னும் ஏழு வரி.

யாரோ ஒருவர் பாடு என்றுதான் நினைத்திருப்பாள்.
அழித்துவிட்டுப் பள்ளியைத் தேடினாள்.
விண்ணப்பம் திறந்தது.
தந்தை பெயர் என்ற கட்டத்தில் சொடுக்கியதும்
அவள் விரல் படுமுன்னே
தானாக நிரம்பியது:
பெயர், குடும்பப்பெயர், வீட்டு விலாசம்,
மூன்றாம் மாடி என்பது வரை.

அச்சுப்பொறி இரண்டு தாள் துப்பியது.
இருபது தெத்ரியை எண்ணி வைத்தாள்.
குடையை விரிக்கும்போது கேட்டாள்:
"அந்த நாலாம் நம்பர், ஹீட்டருக்கு ரொம்ப தூரமோ?"

அன்று மாலை
ஏழு கணினிகளிலும் உள்ளே நுழைந்து
மூடும்போது மறந்துவிடு என்று சொல்லிவைத்தேன்.
குதிரை ஓடியபின் லாயத்தைப் பூட்டியவன்
ஏழு முறை பூட்டினேன்.
ஒன்பதை அடித்தேன்.
எந்தப் பக்கத்தில் மாற்றி எழுதுவது என்று தெரியவில்லை.
யாரிடமிருந்து யாருக்கு என்று
மூன்றாவதாக ஒரு கோடு கிழிக்கலாம்,
தாளில் இடமில்லை.

வெள்ளி காலை ஒன்பதுக்கு வாஜா வந்தார்.
நான்காம் எண் ஹீட்டரை ஒட்டி நின்றது.
"தரையில் ஈரம்" என்றேன். தலையாட்டினார்.

ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்.
சீஸ் ரொட்டிக்கு அடியில்
நாலாக மடித்த பத்து லாரி நோட்டு.
வெகுநேரம் அதையே பார்த்தார்.
பிறகு கதவை, ஜன்னலை, என்னை.

நான் நானூலி அம்மையாருக்கு
அறிக்கை தட்டிக்கொண்டிருந்தேன்.
குனிந்த தலையை
நிமிர்த்தவே இல்லை.