வத்தம்

ஐப்பசி பிறந்து ஏழு நாள்.
கோரையாற்று முகத்தில்
எஞ்சினை நிறுத்திவிட்டார் நெய்னா முகம்மது.
டீசல் வாடை மட்டும் கொஞ்சதூரம் போய்த் திரும்பியது.

கஜாவில் செத்த அந்த ஒற்றை மரம்
இன்னும் நிற்கிறது. உச்சிக் கிளை வெள்ளை.
போன வருடத்து எச்சம் என்றேன்.
“நாலு மழை பெஞ்சாச்சே சார்,
அது எப்பவோ கரைஞ்சிருக்கும்”
என்றாள் தையல்நாயகி.
கருவூல அலுவலகத்தில்
‘சொந்த வேலை’ என்று விடுப்பு எழுதிவிட்டு வந்தவள்.

பைனாகுலர் கை மாறுகிறது.
செம்பருந்து.
மறுபடி செம்பருந்து.
ஊன்றுகோலில் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைக்கிறது, அவசரமில்லாமல்.

விராலடிப்பான் என்று பெயர் வைத்தவன்
ஏரிக்கரைக்காரனாய் இருப்பான்.
இங்கே அது அடிப்பதெல்லாம் மடவை.
தலை முன்னே இருக்கும்படி பிடித்துத் தூக்கும்.
ஜன்னலோரம் இடம் கிடைத்த பிள்ளைபோல
மீன் ஊரைப் பார்த்துக்கொண்டே போகும்.

பங்குனியில் அது கிளம்பும்போது
நோட்டில் ‘போயிற்று’ என்று எழுதுகிறோம்.
பனி உருகும் ஏதோ ஒரு கரையில்
அதே பறவைக்கு
‘வந்துவிட்டது’ என்று எழுதுவார்கள்.
அவர்களுக்கு லீவு கிடைக்கிறதோ என்னவோ.

“வத்தம் தொடங்கிட்டு” என்கிறார் நெய்னா.
“பத்து நிமிசம். அப்புறம் தரை தட்டிடும்.”

அதில் ஆறு போய்விட்டது.
தையல்நாயகி எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தாள்.
தண்ணீர் உடைந்த சத்தம்.
மூன்று பேரும் தப்பான பக்கம் திரும்பினோம்.

வளையம் விரிந்து வந்து
படகைத் தொட்டது.
மேலே பார்க்க
இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.