கதவும் தரையும் உங்கள் பாடு

மவுண்ட் ரோட்டில், மாடிப்படி ஏறிப் போகிற கடை.
மூன்று ஓவன்கள் வாய் திறந்து நிற்கின்றன,
பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி.
விற்கிற பையன் பெயர் திலீபன்.
கழுத்தில் மஃப்ளர், கையில் டார்ச்.

"இது ஐந்நூறு டிகிரி வரை ஏறும் மேடம்.
தானே பூட்டிக்கொள்ளும். மூன்று மணி நேரம்.
நெய், சர்க்கரை, சீஸ், வழிந்தது எதுவானாலும்
பிடி சாம்பல்.
ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்."

பிடி சாம்பல் என்றபோது மெர்லின் லேசாகச் சிரித்தாள்.
என் தம்பி மனைவி. எங்கள் கேக் தொழிலில் சரிபாதி.

"இது ஆவி. அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்,
அரை மணி நேரம். அழுக்கு ஊறும்.
ஊறினதை நீங்கள்தான் தேய்க்கணும்."

ஆவிக்கா காசு, என்றேன்.
அருவங்காட்டில் ஜன்னலைத் திறந்தால்
கேட்காமலே உள்ளே வந்து உட்காருகிறது.
ஜூலையில் துவைத்த போர்வை
இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மூன்றாவதன் பக்கச் சுவர்கள் சொரசொரப்பு.
சுடும்போதே எண்ணெயைத் தின்றுவிடுமாம்.
"தின்று தின்று சில வருஷத்தில் அலுத்துப்போகும்,
தகடு மாற்றணும். அப்புறம்,
சுவர் மட்டும்தான் மேடம்.
கதவும் தரையும் உங்கள் பாடு."

நான் விலைச்சீட்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தேன்.
முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
முப்பத்தோராயிரம்.
கிறிஸ்துமஸ் முந்திரி முழுவதும் அதில் அடங்கும்.
ஆவியே போதும் என்று வாயெடுத்தேன்.

அப்போது திலீபன் கேட்டான், ஒன்றும் அறியாமல்தான்:
"வீட்டில் ஓவனைக் கழுவுறது யாரு?"

நான் குழல்விளக்கைப் பார்த்தேன்.
மெர்லின் தன் விரல்களைப் பார்த்தாள்.
ஐந்து வருடம். கிரீமில் ரோஜா பிழிவது நான்,
பெட்டிக்கு ரிப்பன் கட்டுவது நான்,
பெயர் எழுதுவது, போட்டோவில் நிற்பது நான்.
சனிக்கிழமை இரவுகளில்
சாக்கு விரித்து, முழங்காலிட்டு,
தோள்வரை உள்ளே போயிருக்கும் ஒரு முதுகைத்
தாண்டித் தாண்டி டீ போட்டிருக்கிறேன்.

"ஐந்நூறு டிகிரி," என்றேன் சட்டென்று.
"அதையே எடுப்போம்."
என் குரலில் இருந்த தாராளம் எனக்கே கேட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முன்பணம் நாளைக்கு என்று சொல்லி
கையேட்டை வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

வெலிங்டன் தாண்டிய வளைவில் ஆட்டோ நின்றது.
சாலை நடுவே ஒரு காட்டெருமை,
காலில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு,
யாருடைய அவசரமும் தன்னுடையதல்ல என்று.
டிரைவர் விளக்கை அணைத்தார்.
இருட்டில் வேறு வேலையில்லை.
கேஸ் ரசீதைக்கூடக் கடைசி வரிவரை படிக்கிறவள்
போன் வெளிச்சத்தில் கையேட்டைப் பிரித்தாள்.

"பதினேழாம் பக்கம்," என்றாள்.
"சுத்தம் நடக்கும்போது பறவைகளை
வேறு அறைக்கு மாற்றவும். புகை அதுங்களுக்கு ஆகாது."

வேறு அறை.
டிசம்பர் பிறந்தால் அவள் மகன் ஜோயலின்
இரண்டு லவ் பேர்ட்ஸும் சமையலறையில்தான்.
எங்கள் வீட்டில் சூடு என்று ஒன்று
அங்கே மட்டும்தான் இருக்கிறது.

எருமை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது.
அதன் மூச்சிலும் ஆவி.

"அப்ப ஆவிதான்," என்றேன் மெதுவாக.
"அப்ப ஆவிதான்," என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"ஒரு சனி விட்டு ஒரு சனி."

எருமை தேயிலைக்குள் இறங்கிய பிறகும்
டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் கன்று வரலாம் என்றார். வந்தது.

இன்று என் முறை.
ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம்.
கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி வெளுத்தது.
சாக்கை விரித்தேன். தலையை நுழைத்தேன்.
கொஞ்சம் திரும்பிப் பார்த்தால்
சமையலறை வேறு யார் வீடோ மாதிரி:
மேசையின் அடிப்பலகை, கூண்டின் அடித்தட்டு,
சிந்திய தினை, ஒரு ஜோடி சாக்ஸ்
என்னைத் தாண்டிப் போகிறது, டீ போட.

"இடது மூலை," என்கிறாள் மெர்லின்,
குனிந்துகூடப் பார்க்காமல்.