ஒட்டாத இடம்

ராணிப்பேட்டையில் என் வேலை
சாயம் பிடிக்காத தோலைக் கண்டுபிடிப்பது.
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து
கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு,
பிறகு சாக்பீஸால் பெருக்கல் குறி.
பதினோரு வருஷமாக.

ஞாயிறு இரவு
காகிதப்பட்டறை வீட்டில்
சாயம் பிடிக்கக்கூடாதென்று
உட்கார்ந்திருக்கிறேன்.
(பெயர்தான் காகிதப்பட்டறை.
நல்ல தாள் வேண்டுமென்றால்
லாங் பஜார்தான் போகவேண்டும்.)

தபஸ்ஸுமுக்கு ஒரு அட்டை.
பிறந்தநாள் இல்லை, பெருநாளும் இல்லை.
ஆறு வருஷம் பக்கத்து மேஜை;
வாணியம்பாடிக்குப் போய்ப் பதினாலு மாசம்.
அவள் பாஸ் போட்ட லாட்டில்
நான் பெருக்கல் போட்டேன்.
குறி சரிதான்.
போட்டது மேனேஜர் எதிரில்.

ரப்பரில் ஒரு கத்தரிக்காய் செதுக்கினேன்.
இலவம்பாடிக் கத்தரி;
காம்பில் முள் வைக்கவே அரைமணி நேரம்.
அவள் டிபன் கேரியரின் கீழ் அடுக்கில்
பிரியாணிக்குத் துணையாக வந்து
பாதிக்குமேல் என் மூடிக்கு மாறிவிடுமே,
அந்தக் காய்.

நிறமில்லாத மையில் தொட்டு
வெள்ளைத் தாளில் அழுத்தினால்
ஒன்றுமே இல்லை.
சாய்த்துப் பார்த்தால் கொஞ்சம் ஈரம்.
அதன்மேல் பொடி தூவி,
பின்னால் ஒரு சுண்டு சுண்டி,
மிச்சத்தை டப்பாவில் கொட்டிவிட்டு
ஹேர் டிரையரைப் பிடித்தேன்.
பொடி பறந்து
மூடாத ரசத்தில் விழுந்தது.

செல்போன் ரிப்பேர் பரந்தாமனிடம்
ஹீட் கன் இரவல் வாங்கினேன்.
'நாளைக்குக் காலையில வேணும்க்கா,
நாலு போர்டு பாக்கி.'
மே மாச வேலூரில் உருகாத பொருள் ஒன்று
இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரியும்.
பொடி பொடியாகவே இருந்தது,
இருந்தது,
திடீரென்று கண்ணாடி.
ஒரு காய். இரண்டு. மூன்று.
நாலாவது பாதியில்
கரண்ட் போய்விட்டது.

எதிர்வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் முனகியது.
இருட்டில் தடவிப் பார்த்தேன்,
மேடு மேடாக மூன்றரைக் காய்.
அவளாக இருந்தால்
அரைக்காயையும் எண்ணிக்கையில் சேர்த்திருப்பாள்.

விளக்கு வந்ததும் ஊதா பூசினேன்,
பழைய ஸ்பாஞ்சால், வட்டம் வட்டமாக.
காய்மேல் நிற்காமல்
முத்து முத்தாக உருண்டது மை.
துணியால் ஒற்ற ஒற்ற
ஊதாவுக்குள் வெள்ளைக் கத்தரிக்காய்கள்,
நாலாவது மட்டும்
பாதி சாயம் குடித்துச் சொரசொரவென்று.
இடது ஓரத்தில்
நான் அச்சிடாத ஒன்று:
சுழி சுழியாக ஒரு கட்டைவிரல்.

மகன் தலைக்கு எண்ணெய் வைத்த கை.
தாளை நேராக்கும்போது பட்டிருக்கும்.
அதிலும் பொடி ஒட்டி,
அதுவும் உருகி,
என் ரேகை என்னைக் கேட்காமல்
வெள்ளையாக நிற்கிறது.
பழக்கதோஷம், கை சாக்பீஸைத் தேடியது.
ஓரத்தை வெட்டலாமா என்று
கத்தரிக்கோலை எடுத்தேன்.
இரண்டு முறை.

கடைசி வேலை இஸ்திரி.
பாத்திக் துணியில் மெழுகை எடுப்பதுபோல்
அட்டைமேல் பழைய செய்தித்தாள் போட்டு
அழுத்தி இழுக்க, பளபளப்பு
தாளுக்கு மாறிவிட்டது.
எண்ணெய்க் கறையாக ஒரு கத்தரிக்காய்.
அதன் வழியே பின்பக்கத்து
டெண்டர் அறிவிப்பு தெரிந்தது,
இடவலம் மாறி, கடைசித் தேதியோடு.
அட்டையில் இப்போது மேடு இல்லை.
தாள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்ததுபோல
மழமழவென்று.

உள்ளே எதுவும் எழுதவில்லை.
'அன்புடன்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன்,
வேறொரு தாளில்தான்.
கையெழுத்தும் போடவில்லை.
அந்தக் கட்டைவிரலை
அவளுக்குத் தெரியாதா?

திங்கள் காலை எழிலனின் சட்டையில்
காலருக்குக் கீழே ஒரு மினுமினுப்பு.
இஸ்திரிப் பெட்டியில் மிச்சம் இருந்திருக்கிறது.
'கறையாம்மா?'
'இல்லடா. இனிமே அங்க கறை பிடிக்காது.'
நம்பாமல்
பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்த்தான்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
அட்டை என் டிபன் பையில்,
தயிர்சாதத்துக்குப் பக்கத்தில்,
தபால்தலை ஒட்டி.