ஐப்பசியில் வாங்கித் தையில் விற்க

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை.
சொல்லி, நீங்கள் நாலு பேர் வாங்கினாலே
விலை ஏறிவிடும்; அவ்வளவு சின்னது.
குளிர் அறைகளுக்கு வெப்பம் பார்க்கும் கருவியும்
அதற்கொரு மென்பொருளும் செய்கிறார்கள்.
ஆள் நூற்றுப் பத்து. கடன் கொஞ்சம்.
முதலாளி தன் பங்கை அடகு வைக்கவில்லை,
அதை இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

மாட்டுத்தாவணியில் மூன்றரைக்கு முதல் மூட்டை இறங்கும்.
ஒன்பதுக்குள் என் கணக்கு முடியும்.
பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
பதினோரு வருஷ விலையை நோட்டில் எழுதினேன்.
ஐப்பசி முதல் தேதி ஒரு விலை,
தை கடைசியில் ஒரு விலை.
எட்டு வருஷம் ஏற்றம், மூன்று வருஷம் இறக்கம்.

"பதினொன்றில் எட்டு, போதாதா?" என்றான் சாந்தாராம்.
தெற்குமாசி வீதியில் அவனுக்குப் பங்குத் தரகு;
டீ வாங்கித் தந்தால் அரைமணி நேரம் பேசுவான்.
போதும்தான்.
ஆனால் அந்த எட்டில் ஒரு வருஷம் மும்மடங்கு.
அந்த ஒன்றை விரலால் மறைத்துக்கொண்டு கூட்டினேன்.
மிச்சப் பத்துக்குச் சராசரி நாலு சதவீதம்.
தரகும் வரியும் போக
ஒரு வாழையிலைக் கட்டு வாங்கலாம்.

மல்லிக்கும் பருவம் உண்டு.
மார்கழிப் பனி மொட்டைக் கருக்கும், வரத்து குறையும்,
கிலோ மூவாயிரத்தைத் தாண்டும்.
யாரும் எனக்கு வரைபடம் போட்டுக் காட்டவில்லை;
கையை நீட்டினால் பனி தெரியும்.
இந்தப் பங்குக்குப் பனி எது?

தேடினேன். ஆண்டறிக்கை, எழுபத்தெட்டாம் பக்கம்,
சின்ன எழுத்து:
அரசு மருந்துக் கிடங்குகளின் ஆர்டர்
வருஷக் கடைசியில் வந்து குவிகிறது.
சரி, காரணம் இருக்கிறது.
அடுத்த பக்கத்தில் வரவேண்டிய பாக்கி,
இருநூற்றுப் பதினான்கு நாள்.
எங்கள் சரக்கு அரை நாள் பொறுக்காது.
அதனால்தானோ என்னவோ
எங்கள் பாக்கியும் பொறுப்பதில்லை.

ஒரு நாளில் கைமாறுவது நாலாயிரம் பங்கு.
இரண்டாயிரம் வாங்குவதாக இருந்தேன்.
விற்கிற அன்று சந்தையில் பாதி நான்தான்.
முகூர்த்தமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
பத்துக் கூடையோடு வந்து நின்ற
சிலைமான்காரரைப் பார்த்திருக்கிறேன்.
முதல் கூடைக்கு ஒரு விலை.
பத்தாவதை, 'அப்படி வச்சுட்டுப் போங்க.'

ஜெசிந்தா கேட்டது கொஞ்சம்தான்.
"எப்ப விப்பீங்க?"
தை கடைசி.
"இறங்கியிருந்தா?"
அதற்கு நோட்டில் வரி இல்லை.
அன்றிரவு எழுதினேன்:
இறங்கியிருந்தாலும் தை கடைசி.

ஐப்பசி ஒன்று, ஒன்பதே கால்.
முந்நூறு பங்கு, நாற்பத்திரண்டு ரூபாய்,
மேலே பைசா தரமாட்டேன்.
விற்கிறவர்கள் நாற்பத்து மூன்றில் நிற்கிறார்கள்.
நாற்பத்திரண்டில் ஒரே ஒரு முந்நூறு;
அது நான்.
நேரம் கழித்துப் பிச்சிப்பூ வந்திருக்கிறதாம், கூப்பிடுகிறார்கள்.
போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
தராசுத் தட்டைத் துடைக்கப் போகிறேன்.