மடையத் தெறந்தா

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
சேரன்மகாதேவி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில் உட்கார்ந்து
வாக்குமூலங்களை இங்கிலீஷாக்குகிறேன்.
மதுரைக்கு அப்பீல் போகும் கட்டுகள்.
வெள்ளிக்கிழமை வக்கீல் குமாஸ்தா சங்கிலிபூதத்தான்
வந்து எடுத்துக்கொள்வார்.

இன்றைக்கு அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி:
உலகம்மாள், வயது முப்பத்தாறு, விவசாயக் கூலி.
கன்னடியன் வாய்க்காலில் ஒரு மடை,
இரண்டு வயல், ஒரு கம்பு.
இவ்வளவுதான் வழக்கு.

"அவன் அங்கன நின்னான்னு எனக்குத் தெரியும்."
இது லேசு.
என்ன தெரியும் என்று வினையைக் கேட்டால்
பதிலாக வருவது நவுன் கிளாஸ்.
ஆளையும் அவன் நின்ற இடத்தையும்
ஒரு 'தட்' போட்டுக் கட்டி
வினையின் தலையில் ஏற்றிவிடலாம்.

"எங்க வீட்டுக்காரரை அடிச்ச கம்பு இதுதான்."
ஐந்து சொல்.
நம் பெயரெச்சத்துக்குக் கம்பு கிடைத்தால் போதும்,
தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடும்.
இங்கிலீஷ் விடாது.
கம்பு அடித்ததா, கம்பால் அடித்ததா?
அடிக்கும் கம்புக்கும் நடுவே
ஒரு 'வித்' கேட்கும், ஒரு 'விச்' கேட்கும்,
அடித்தவன் பெயரைக் கேட்கும்.
உலகம்மாள் அதை அடுத்த வரியில்தான் சொல்கிறாள்.
நான் முந்திக்கொண்டால் அது என் சாட்சியம்.
செயப்பாட்டு வினைக்குள் ஒதுங்கிக்கொண்டேன்,
மழைக்கு ஒதுங்குகிற மாதிரி.

"கரைமேல நின்ன என் கொழுந்தன் பாத்தாரு."
குமாஸ்தாவுக்குப் போன் போட்டேன்.
சாட்சிக்குக் கொழுந்தன் எத்தனை பேர்?
"எதுக்கு வே கேக்கீரு?"
கமா போடணும்.
ஒருவர்தான் என்றால், கரையில் நின்றது கூடுதல் சேதி,
இரண்டு பக்கமும் கமா.
பலர் என்றால், நின்றதுதான் அடையாளம்,
கமா கூடாது.
அந்தப் பக்கம் பஸ் ஹாரன். பிறகு,
"மூணு பேரு. ஒருத்தன் திருப்பூர்ல.
ஒருத்தன் போன ஆடியில செத்துட்டான்."

செத்தவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று
என்னிடம் இருக்கிற கைடில் இல்லை.
சேர்த்தேன்.
கமா போடவில்லை.

பிறகு அந்த வரி.
"மடையத் தெறந்தா காலை வெட்டிருவேன்னு சொன்னான்."

தெறந்தா.
'இஃப்' போட்டால் நிபந்தனை:
திறக்காமல் இருந்தால் கால் தப்பும்,
முடிவு கால் வைத்திருப்பவர் கையில்.
'வென்' போட்டால் காலம்:
மடை திறக்கும், வெட்டு விழும்,
நாள்தான் குறிக்கவில்லை.
இரண்டும் அட்வெர்ப் கிளாஸ்தான்.
பரீட்சையில் எதை எழுதினாலும் பாதி மார்க் உண்டு.
இங்கே பாதி மார்க் கிடையாது.

நான்காம் பக்கத்தில் எதிர்த்தரப்பு வக்கீலும்
இதையேதான் நோண்டியிருக்கிறார்.
கேள்வி: 'திறந்தால்' என்று நிபந்தனையாகத்தானே சொன்னார்?
பதில்: "ஐயா, மடையத் தெறக்காம
எந்த வருசம் கார் நெல்லு வந்திருக்கு?"
கீழே கோர்ட்டார் குறிப்பு:
சாட்சி நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

'இஃப்' அடித்தேன். அழித்தேன்.
'வென்' அடித்தேன். அழித்தேன்.
டீ வந்தது, ஆடை படிந்தது.
கரண்ட் போய், பேட்டரி பத்து நிமிஷம் கீச்சிட்டது.
கடைசியில் 'இஃப்' தான் நின்றது.
ஆனால் அவள் கேட்டதை
ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுபோனேன்,
கேள்விக்குறி உட்பட.
மதுரையில் யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்.
புரட்டினால்.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் வண்டி ஏறியபோது
தண்ணீர் இரண்டு படி உயர்ந்திருந்தது.
செம்மண் கலங்கி, தென்னை மட்டை ஒன்று சுழன்று வந்தது.
மடை திறந்திருக்கிறது.
தனி வாக்கியம்.
யார், எப்போது, எதற்காக, ஒன்றும் இல்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி
கரைமேல் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.