முந்நூறு சொற்களுக்கு மிகாமல்

மேற்படிப்புக்கு ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்று
நான்காம் பக்கம் கேட்கிறது.
முந்நூறு சொல் கேட்கிற கட்டம்
உள்ளங்கை அகலம்தான்.
இரவு இரண்டே கால். ஆண்கள் அறுவை வார்டு.
பதினோராம் படுக்கையில் சொட்டு விழும் வேகத்தை
எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

'சேவை மனப்பான்மையால்' என்று தொடங்கி
அடித்தேன்.
ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிறவளின் குரல் அது.
எஸ். பாண்டிச்செல்வி, ஒன்பது வருட அனுபவம்
என்பது வரைக்கும் பொய் இல்லை.

ஒச்சப்பனை எழுதலாம்.
எழுமலைக்காரர். எழுபதுக்கு மேலும்
கிணற்றுக்குள் இறங்கி, விழுந்து,
இடுப்பில் தகடு வைத்துக்கொண்டவர்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றால்
என்னைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார்,
'நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க' என்பார்.
மூன்றாம் நாள் தானாகச் சொன்னார்:
'நேத்து முழு ரூவா. இன்னிக்குப் பன்னெண்டணா.'
பதினாறில் பன்னிரண்டு. பத்தில் ஏழரை.
தாளில் அரைக்கு இடமில்லை.
எட்டைச் சுழித்தேன்.
அடுத்த படுக்கைப் பையனுக்கு அணா தெரியாது.
'இருபது பர்சன்ட்தாங்கா இருக்கேன்' என்றான்,
பைக்கோடு தெப்பக்குளம் வளைவில் சரிந்தவன்.
இதுவரை எழுதியதைத் தேர்வுக்குழு ரசிக்கும்.

அடுத்த பத்தியில் பஞ்சவர்ணம் வர வேண்டும்.

செல்லூர். ஊறுகாய்க் கம்பெனியில் மூடி திருகுகிற வேலை.
அப்போது நான் பெண்கள் வார்டில்.
பித்தப்பைக் கல் எடுத்த இரண்டாம் நாள் ராத்திரி
'ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்' என்றாள்.
எந்த மாதிரி?
'ஒரு மாதிரி.'
வலியா? இல்லை. மயக்கமா? இல்லை. மூச்சு?
'அதெல்லாம் இல்ல. சொல்லத் தெரியல. ஒரு மாதிரி.'
இன்னும் ஐந்து பேருக்கு மருந்து பாக்கி.
சுத்தமான ஆங்கிலத்தில் குறிப்பெழுதினேன்,
குறிப்பிடும்படி புகார் ஏதுமில்லை என்று.
கையெழுத்து அழகாகவே இருந்தது.

நாலரைக்குத் திரையை இழுத்தோம்.
ஆறு மணிக்கு அவள் தம்பி
பிளாஸ்கில் காபியோடு படியேறி வந்தான்.
'கொஞ்சம் உட்காருங்க' என்றேன்.
உட்கார அங்கே எதுவும் இல்லை.

என்னை யாரும் கேட்கவில்லை.
நுரையீரலில் ரத்தக்கட்டி, திடீரென்று போகும்,
யாராலும் பிடித்திருக்க முடியாதும்மா
என்றார் பெரிய டாக்டர்.
இருக்கலாம்.
பிளாஸ்கின் மூடியை அந்தத் தம்பி
திருகித் திறந்து, திருகி மூடி, திருகித் திறந்து...

ஆய்வுத் தலைப்பு ஏதேனும் உண்டா என்கிறது ஐந்தாம் பக்கம்.
'ஒரு மாதிரி' என்று எழுதிப் பார்க்கிறேன்.
சிரிப்பார்கள்.
அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

தடையில்லாச் சான்று பன்னிரண்டு நாளாகக்
கண்காணிப்பாளர் மேசையில்.
கட்டணத்துக்கு நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.
நாளை டூட்டி முடிந்து
கோரிப்பாளையம் பிரவுசிங் கடை திறக்கும்வரை
டீக்கடை வாசலில் நின்றே தூங்கலாம்.
சாயங்காலம் ஐந்தோடு கடைசி.

பதினொன்று கூப்பிடுகிறது.
தாள் பறக்காமல் மேலே கத்தரிக்கோலை வைத்துவிட்டு
எழுந்து போகிறேன்.
என்னண்ணே?
'ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா.'

சும்மா.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
கடிகாரத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
முள் ஒரு சுற்று முடிக்க
இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது.