திரும்பும் வழியில் ஒரு மேடு

டார்ட்டு நகரில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
ஊர்வே மின்னழுத்தத்தை ஏற்றுகிறாள்,
நொடிக்கு ஐம்பது மில்லிவோல்ட்.

பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் எரிகிறது, புகையில்லாமல்.
கோடு மேடேறிச் சரிகிறது.
மெத்தனால் தீர்ந்துபோகவில்லை;
உலோகம்தான் ஆக்சைடைப் போர்த்திக்கொண்டு
கதவைச் சாத்திவிட்டது.

ஒன்று புள்ளி இரண்டு வோல்ட்டில் திருப்பம்.
இறங்கும் வழியிலும்
மேல்நோக்கியே இன்னொரு மேடு.

‘ஒட்டிக்கிடந்த அழுக்கு எரிகிறது’ என்று
மூன்று வருடம் முன்னால் எழுதியவள் அவளேதான்.
முன்மேட்டைப் பின்மேட்டால் வகுத்து
வந்த எண்ணுக்குத் தூய்மை என்று பேர் வைத்தாள்.
தைவோ அந்த எண்ணை நம்பிப் பட்டம் வாங்கினான்.

இன்று திருப்பத்தை மட்டும் தள்ளிப்போட்டுப் பார்த்தாள்.
ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி நாலு.
முன்மேடு அசையவில்லை.
பின்மேடு சிறுத்துக்கொண்டே போனது.
அதே உலோகம், அதே கரைசல்,
வேறு வேறு தூய்மை!

அழுக்கே இல்லை அது.
போர்வை விலகிய இடத்தில்
புது மெத்தனால் வந்து தொடுகிறது,
போகும்போது தொட்ட மாதிரியே.

தைவோவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு,
‘ஒன்றரை வரைக்கும் போய்ப் பார்த்தாயா?’